குளிரில் பைக் பயணம்: விரல்கள் விறைப்பது ஏன்? கைகளைக் காப்பது எப்படி?

கோபாலபுரம்: தமிழக – கேரள எல்லையில் உள்ள கோபாலபுரத்திலிருந்து பொள்ளாச்சி, உடுமலை, சின்னாறு, மறையூர் வழியாக மூணாறுக்கு இருசக்கர வாகனத்தில் செல்வோர், மார்கழி, தை மாதங்களில் ஒரே நாளில் இரு வேறு தட்பவெப்ப நிலைகளைக் கடக்கின்றனர். சமவெளியில் மெல்லிய சட்டையே போதுமானதாக இருக்கும். மலையேறிய சில மணி நேரத்தில் விரல்கள் விறைத்து, பிரேக் லீவரை அழுத்துவதே கடினமாகிவிடும்.

இது வெறும் அசௌகரியம் மட்டுமல்ல. பாதுகாப்பு தொடர்பான பிரச்சினை. மோட்டார் சைக்கிளின் முன்பக்க பிரேக், கிளட்ச் ஆகிய இரண்டும் கைவிரல்களின் கட்டுப்பாட்டில் உள்ளன. மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் செல்லும் வாகனம் ஒரு விநாடியில் ஏறத்தாழ 14 மீட்டர் தூரத்தைக் கடக்கிறது. விறைத்த விரல்களால் பிரேக் பிடிக்க அரை விநாடி தாமதமானால்கூட, வாகனம் கூடுதலாக 7 மீட்டர் முன்னே சென்றுவிடும். கொண்டை ஊசி வளைவுகள் நிறைந்த மலைப்பாதையில் இந்த 7 மீட்டர் உயிருக்கு ஆபத்தாக முடியலாம்.

உயரமும் காற்றும்

பொள்ளாச்சி கடல் மட்டத்திலிருந்து சுமார் 300 மீட்டர் உயரத்திலும், மூணாறு சுமார் 1,500 மீட்டர் உயரத்திலும் அமைந்துள்ளன. ஒவ்வொரு 1,000 மீட்டர் உயரத்துக்கும் வெப்பநிலை சராசரியாக 6.5 டிகிரி செல்சியஸ் குறைகிறது. அதாவது, உயரத்தால் மட்டுமே சுமார் 8 டிகிரி வேறுபாடு உண்டாகிறது. இரவில் குளிர்ந்த காற்று பள்ளத்தாக்குகளில் இறங்கித் தேங்குவதால், மூணாறைச் சுற்றியுள்ள தேயிலைத் தோட்டப் பகுதிகளில் சில ஆண்டுகளில் வெப்பநிலை பூஜ்ஜியத்தைத் தொட்டு, புல்வெளிகளில் உறைபனி படிகிறது.

இதனுடன் காற்றும் சேர்ந்துகொள்கிறது. காற்று இல்லாத இடத்தில் தோலை ஒட்டி வெதுவெதுப்பான மெல்லிய காற்றுப் படலம் ஒன்று நிலைத்திருக்கும். வாகனம் வேகமெடுக்கும்போது அந்தப் படலம் அடித்துச் செல்லப்படுகிறது. அமெரிக்காவும் கனடாவும் 2001 முதல் பயன்படுத்தும் குளிர்காற்றுக் குறியீட்டின்படி, 10 டிகிரி வெப்பநிலையில் மணிக்கு 50 கி.மீ. வேகக் காற்று வீசினால், வெறும் தோலில் அது 5 டிகிரி குளிராக உணரப்படும். 5 டிகிரியில் அது மைனஸ் 1 ஆகவும், பூஜ்ஜியத்தில் மைனஸ் 8 ஆகவும் உணரப்படும். முகத்தின் தோலை அடிப்படையாகக் கொண்ட கணக்கு இது என்றாலும், ஹேண்டில்பாரைப் பிடித்தபடி காற்றை நேராக எதிர்கொள்ளும் கைகளுக்கும் இதே பாதிப்பு உண்டு.

நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் இடையே அமைந்த பாலக்காட்டுக் கணவாயில் குளிர்காலத்தில் கிழக்கிலிருந்து பலத்த காற்று வீசுகிறது. இதனால் பாலக்காட்டிலிருந்து பொள்ளாச்சி நோக்கிச் செல்வோர், வாகன வேகத்தோடு எதிர்க்காற்றையும் சேர்த்தே சந்திக்க நேர்கிறது.

விரல்கள் முதலில் விறைப்பது ஏன்?

உடல் குளிரும்போது இதயம், நுரையீரல், மூளை ஆகிய முக்கிய உறுப்புகளின் வெப்பத்தைக் காக்கவே உடல் முன்னுரிமை அளிக்கிறது. அதற்காகக் கை, கால்களின் இரத்தக் குழாய்கள் சுருங்கி, விரல்களுக்குச் செல்லும் இரத்தம் குறைகிறது. மேலும், விரல்களை மடக்கி நீட்டும் தசைகளில் பெரும்பாலானவை முன்கையில்தான் உள்ளன. வெப்பத்தை உண்டாக்கும் தசை விரல்களில் மிகக் குறைவு என்பதால், அவை விரைவில் குளிர்ந்து தொடு உணர்வை இழக்கின்றன.

இதிலிருந்து ஓர் உண்மை தெளிவாகிறது. மார்பும் கழுத்தும் குளிரில் இருக்கும்போது, எவ்வளவு தடிமனான கையுறை அணிந்தாலும் முழுப் பயன் கிடைக்காது. கைகளைக் காக்கும் முயற்சி, காற்றுப் புகாத மேலங்கியிலும் கழுத்தைச் சுற்றிய மப்ளரிலும் இருந்தே தொடங்க வேண்டும்.

செய்ய வேண்டியவை

* காற்றைத் தடுக்க வேண்டும். கம்பளிக் கையுறை வெப்பத்தைத் தேக்கினாலும், அதன் இழைகளின் வழியே காற்று புகுந்துவிடும். அதன் மேல் தோல் அல்லது ரெக்சின் போன்ற காற்றுப் புகாத உறை தேவை.

* கையுறை இறுக்கமாக இருக்கக் கூடாது. இறுக்கம் இரத்த ஓட்டத்தைத் தடுக்கும். அதே நேரத்தில், லீவரை உணர முடியாத அளவுக்குத் தடிமனாகவும் இருக்கக் கூடாது. புறப்படும் முன் பிரேக், கிளட்ச், இண்டிகேட்டர் ஆகியவற்றை இயக்கிப் பார்ப்பது நல்லது.

* மணிக்கட்டில் இடைவெளி விடக் கூடாது. சட்டைக் கைக்கும் கையுறைக்கும் இடையே புகும் காற்று, தோலுக்கு மிக அருகில் செல்லும் இரத்தக் குழாய்களைக் குளிர்விக்கும்.

* ஈரத்தைத் தவிர்க்க வேண்டும். நீர், காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தக்கூடியது. மூடுபனியில் நனைந்த கையுறையால் பயன் குறைவு; உலர்ந்த மாற்றுக் கையுறை ஒன்றைப் பையில் வைத்திருக்கலாம்.

* ஹேண்டில்பாரில் பொருத்தப்படும் ஹேண்ட் கார்டு எனும் தடுப்பு, காற்று நேரடியாகக் கையில் மோதுவதைக் குறைக்கும். மின்சாரத்தால் சூடாகும் கைப்பிடிகளும் கிடைக்கின்றன. அவை பொதுவாக 30 முதல் 40 வாட் மின்சாரத்தை, அதாவது சிறிய பைக்கின் ஹாலஜன் முகப்பு விளக்குக்கு நிகரான அளவை எடுத்துக்கொள்கின்றன. எனவே, பேட்டரி தாங்குமா என்பதை மெக்கானிக்கிடம் கேட்டறிந்த பிறகே பொருத்த வேண்டும்.

தவிர்க்க வேண்டியவை

விறைத்த கைகளை எஞ்சின், சைலன்சர் மீது வைத்துச் சூடேற்றக் கூடாது. உணர்விழந்த தோலில் தீக்காயம் ஏற்படுவது உடனே தெரியாது. மது அருந்தினால் தோலின் இரத்தக் குழாய்கள் விரிந்து சூடு ஏறியது போன்ற உணர்வு உண்டாகும். உண்மையில் உடல் வெப்பம் மேலும் வேகமாக வெளியேறும். வாகனம் ஓட்டும் திறனையும் மது குலைத்துவிடும். புகைபிடித்தல் இரத்தக் குழாய்களை மேலும் சுருக்கும்.

விரல்கள் மரத்துப்போனால் வாகனத்தை நிறுத்துவதே சரியான வழி. கைகளை அக்குளில் வைத்து, விரல்களை மடக்கி நீட்டினால் உணர்வு படிப்படியாகத் திரும்பும். சின்னாறு வனப்பகுதியில் யானை நடமாட்டம் இருப்பதால், காட்டுச் சாலையில் நிற்காமல் மறையூர் போன்ற ஊர்ப் பகுதிகளில் நிறுத்துவதே பாதுகாப்பானது.

மருத்துவரை அணுக வேண்டியது எப்போது?

குளிரில் விரல்கள் திடீரென வெளுத்து, பின்னர் நீலமாகி, சூடேறும்போது சிவந்தால், அது ரேனாட் பாதிப்பாக இருக்கலாம். 1862-ஆம் ஆண்டு இதனை விவரித்த பிரெஞ்சு மருத்துவர் மோரிஸ் ரேனாடின் பெயரே இதற்குச் சூட்டப்பட்டுள்ளது. இந்த நிற மாற்றம் அடிக்கடி ஏற்படுவோரும், சூடேறிய பிறகும் விரல்களில் மரத்த உணர்வு நீடிப்போரும் மருத்துவரை அணுக வேண்டும். நீரிழிவால் நரம்பு பாதிக்கப்பட்டவர்களுக்குக் குளிரின் கடுமை தாமதமாகவே தெரியும் என்பதால், அவர்கள் கூடுதல் கவனத்துடன் இருக்க வேண்டும்.

மூணாறுப் பாதையில் மட்டுமின்றி, போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டு வழியாக ஏலத் தோட்டங்களுக்கு அதிகாலையில் செல்லும் தொழிலாளர்களுக்கும், உதகை, கொடைக்கானல் செல்லும் சுற்றுலாப் பயணிகளுக்கும் இந்த முன்னெச்சரிக்கைகள் பொருந்தும். வெயில் ஏறிய பிறகு பயணத்தைத் தொடங்க வாய்ப்புள்ளவர்கள் அவ்வாறு செய்வதே, செலவில்லாத முதல் பாதுகாப்பு.