குப்பைத் தொட்டிக்கும் ஒரு சித்திரம்

மறுசுழற்சிப் பொருள்களைச் சேகரிக்கும் பொதுத் தொட்டிகளின்மீது அந்தந்த நகரத்தின் கட்டடங்களையும் கடைவீதிகளையும் ஜனங்களையும் ஓவியர்களைக் கொண்டு தீட்டுவிக்கும் வழக்கம் உலகின் பல நகரங்களில் பரவியிருக்கிறது. இதனை வெறும் அலங்காரம் என்று ஒதுக்குவதற்கில்லை. அருவருப்புடன் முகத்தைத் திருப்பிக்கொண்டு எட்ட நின்றே குப்பையை வீசிவிட்டுப் போகும் மனிதனைத் தொட்டியின் அருகே வரச் செய்வதும், வந்தவனை எதை எதில் போடுவது என்று ஒரு கணம் யோசிக்க வைப்பதுமே அச்சித்திரங்களின் பிரயோஜனம்.

நம் நாட்டில் இதற்கு நெருங்கிய உதாரணம் சென்னைத் துரைப்பாக்கத்தை அடுத்த கண்ணகி நகர். நகரின் பல பகுதிகளிலிருந்து அப்புறப்படுத்தப்பட்ட ஏழைக் குடும்பங்கள் குடியமர்த்தப்பட்ட அவ்விடத்தில், ஸ்டார்ட் இந்தியா அறக்கட்டளை 2020-இல் மாநகராட்சியின் ஒத்துழைப்போடு அடுக்கு வீடுகளின் வெளிச்சுவர்களில் பிரம்மாண்டமான சித்திரங்களைத் தீட்டுவித்தது. வர்ணம் பூசியதால் அங்குள்ளோரின் கஷ்டங்கள் தீர்ந்துவிடவில்லை. எனினும், ஊரார் ஒதுக்கி வைத்த ஓரிடத்தின்மீது பார்வையைத் திருப்பும் சக்தி சித்திரத்துக்கு உண்டென்பதற்கு அது போதிய சாட்சி.

அந்தச் சக்தி மரக்காணத்துக்கு அவசரமாக வேண்டியிருக்கிறது. கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிப் பரந்து கிடக்கும் அவ்வூர் உப்பளங்களில், உவர்நீரைப் பாத்திக்குப் பாத்தி மாற்றி வெயிலில் வற்றவிட்டு, அடியில் உறைந்த உப்பை நீண்ட கைப்பிடியுள்ள மரப்பலகையால் வரப்போரம் வாரிக் குவிக்கிறார்கள். நீர் ஆவியாகிப் போகிறது. நீரோடு வந்த பிளாஸ்டிக் போவதில்லை. வழிப்போக்கர் எறிந்த பை வெயிலில் நொறுங்கி, கண்ணுக்குப் புலப்படாத துணுக்குகளாகி, உப்போடு கலந்துவிடக்கூடும். மும்பை ஐ.ஐ.டி. ஆய்வாளர்கள் 2018-இல் வெளியிட்ட ஆய்வில் நம் நாட்டு உப்பு மாதிரிகளில் நுண்பிளாஸ்டிக் இருக்கக் கண்டார்கள். கடல்நீரை மணலில் வடிகட்டினாலே எடையளவில் 85 சதவீதத்துக்கு மேல் நீக்கிவிடலாம் என்பதையும் அவர்களே காட்டினார்கள். ஆயினும் வந்த பிளாஸ்டிக்கை வடிகட்டுவதைவிட வராமல் தடுப்பதே உத்தமம். பக்கத்திலேயே, 2024-இல், சர்வதேச முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களுக்குரிய ராம்சார் அந்தஸ்து பெற்ற கழுவேலிச் சதுப்பு நிலமும் இருக்கிறது. அங்கு வரும் பறவைகளுக்கு வடிகட்டிக் கொடுப்பார் எவருமில்லை.

மரக்காணத்துத் தொட்டிகளில் சித்திரம் தீட்டும் ஓவியர் ஒன்றை மட்டும் மறக்கலாகாது. மக்கும் குப்பைக்குப் பச்சை, மக்காத குப்பைக்கு நீலம் என்று ஜனங்கள் பழகிவிட்ட நிறங்களைச் சித்திரம் மூடிவிடுமானால், அழகிருந்தும் பயனில்லை. பக்கவாட்டில் உப்பு வாரும் பெண்டிரையும் பூநாரையையும் பூமீசுவரர் கோயிலையும் தீட்டட்டும். வாய்ப்புறத்தில் தொட்டியின் நிறம் தெரியும்படி விட்டு, உள்ளே போடவேண்டிய புட்டியையோ பையையோ எழுத்தறியாதாருக்கும் விளங்க வரையட்டும். நிரம்பி வழியும் தொட்டியை எந்தச் சித்திரமும் காப்பாற்றாது. ஆகையால் அள்ளிச் செல்லும் தூய்மைப் பணியாளருக்கு வண்டியும் உரிய ஊதியமும் முதலில் உறுதியாக வேண்டும்.

உப்புக்காற்று இரும்பின் சிறு கீறலிலும் நுழைந்து, வர்ணத்துக்கு அடியில் துருவைப் பரப்பி, மீன் செதிலைப்போல் அதை உரித்துவிடும். எனவே இரும்புத் தொட்டியானால் துருத்தடுப்புப் பூச்சு முன்னதாக அவசியம். மழை ஓய்ந்து பாத்திகளைச் செப்பனிடும் தை மாதந்தோறும் சித்திரங்களையும் புதுப்பிப்பதற்கான தொகையைப் பேரூராட்சி தன் வரவுசெலவுத் திட்டத்திலேயே ஒதுக்கிவிட வேண்டும்.