தட்டானைப் பிடிக்கலாம், கேமராவில்!

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் முதலில் செய்யும் வேலைகளில் ஒன்று, மொபைல் போனிலும் டிஜிட்டல் கேமராவிலும் உள்ள போட்டோக்களை அதில் ஏற்றுவது. அவை கல்யாணப் படங்களாகவும் பிறந்த நாள் படங்களாகவும் மட்டும்தான் இருக்க வேண்டுமா? வயல் வரப்பிலும் குளக்கரையிலும் பறக்கும் தட்டான்களைப் படம் எடுத்துப் பாருங்கள். நல்ல பொழுதுபோக்கு. போட்டோ பைல்களைச் சரியாகக் கையாளும் பழக்கமும் கூடவே வந்துவிடும்.

நிறம் ஏமாற்றும்

நம் ஊர் நீர்நிலைகளில் எளிதாகக் காணக் கூடியது ரத்தச் சிவப்புத் தட்டான். அறிவியல் பெயர் குரோகோதெமிஸ் செர்விலியா. சிவப்பாக இருப்பது வளர்ந்த ஆண் மட்டுமே. பெண் மஞ்சள் கலந்த நிறம். இளம் ஆணும் மஞ்சள்தான்; முதிர்ந்த பிறகே சிவக்கிறது. அதன் உடலில் உள்ள நிறமியில் ஏற்படும் வேதி மாற்றமே இதற்குக் காரணம் என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் 2012ல் கண்டறிந்தனர். மஞ்சள் நிற இளம் ஆண்களுக்கு வைட்டமின் சி செலுத்தியபோது அவை சிவந்தன.

தட்டான் இறந்த பின் அதன் நிறம் பெரும்பாலும் மங்கிவிடும். எனவே உயிரோடு இருக்கும்போது எடுத்த போட்டோதான் நிறத்திற்கு நல்ல சாட்சி. ஆனால் நிறத்தை மட்டும் வைத்து இனத்தைச் சொல்லிவிட முடியாது. உடல் அமைப்பு, இறக்கை, எடுத்த தேதி, இடம் எல்லாம் தேவை.

எப்படி எடுப்பது?

* காலை நேரத்தில் செல்லுங்கள். குளிர்ந்த உடல் சூடேறும் வரை தட்டான்கள் அதிகம் பறக்காமல் உட்கார்ந்திருக்கும்.

* பறந்துவிட்டால் துரத்த வேண்டாம். பல தட்டான்கள் அதே குச்சிக்குத் திரும்பி வந்து உட்காரும். உங்கள் நிழல் அதன் மேல் விழாமல், மெதுவாக நெருங்குங்கள்.

* ஆப்டிகல் ஸூம் பயன்படுத்துங்கள். டிஜிட்டல் ஸூம் என்பது படத்தை வெட்டிப் பெரிதாக்குவதுதான். அதைப் பின்னால் கம்ப்யூட்டரிலேயே செய்து கொள்ளலாம்.

* வெயிலில் சிவப்புத் தட்டான் விவரம் எதுவும் தெரியாத சிவப்புப் பட்டையாகப் பதியக் கூடும். எக்ஸ்போஷர் அமைப்பை மைனஸ் பக்கம் சற்றுக் குறைத்து இன்னொரு படம் எடுங்கள்.

* மேலிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, முகம் தெரிய ஒன்று எனக் குறைந்தது மூன்று படங்கள் எடுங்கள். கண் தெளிவாக இருக்கட்டும்.

உட்காரும்போது இறக்கைகளை விரித்து வைப்பது தட்டான். மெல்லிய உடலோடு, பெரும்பாலும் இறக்கைகளை மடக்கி வைப்பது ஊசித்தட்டான்.

கம்ப்யூட்டரில் என்ன செய்வது?

முதலில் கேமராவின் கடிகாரம் சரியாக உள்ளதா என்று பாருங்கள். ஒவ்வொரு போட்டோ பைலுக்குள்ளும் தேதி, நேரம், கேமரா அமைப்பு போன்ற தகவல்கள் பதிவாகின்றன. விண்டோஸில் பைல் மீது ரைட் கிளிக் செய்து, பிராப்பர்ட்டீஸ் தேர்ந்தெடுத்து, டீடெய்ல்ஸ் டேப்பில் கிளிக் செய்தால் இவற்றைக் காணலாம்.

மெமரி கார்டிலிருந்து படங்களைக் கட் செய்யாமல், காப்பி செய்திடவும். போல்டருக்கு 2025-11-09-குளக்கரை என்பது போல ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் பெயர் கொடுங்கள். போல்டர்கள் தாமாகவே கால வரிசையில் நிற்கும். படங்கள் திறக்கின்றனவா என்று பார்த்த பிறகே கார்டில் உள்ளவற்றை அழிக்கவும்.

அடுத்தது மிக முக்கியம். ஒரிஜினல் பைலில் கை வைக்காதீர்கள். ஒரு முறை நான் ஒரு தட்டானின் முகம் மட்டும் தெரியும்படி கிராப் செய்து, சேவ் அஸ் கொடுப்பதற்குப் பதில் சேவ் கொடுத்துவிட்டேன். பின்னர் இனம் அறிய, பின் இறக்கையின் அடியில் பழுப்பு மஞ்சள் திட்டு உள்ளதா என்று பார்க்க வேண்டியிருந்தது. இறக்கையோ வெட்டுப்பட்டுப் போயிருந்தது. கார்டையும் அழித்திருந்தேன். அந்தத் தட்டான் என்னவென்று இன்று வரை தெரியவில்லை.

எனவே எடிட் செய்ய ஒரு காப்பி எடுத்து, வேறு போல்டரில் வைத்துக் கொள்ளுங்கள். ஜேபெக் பைலை எடிட் செய்து திரும்பத் திரும்ப சேவ் செய்தால் தரமும் குறையும்.

கிராப் செய்வதிலும் ஒரு கணக்கு உண்டு. 4000 x 3000 பிக்ஸல் படத்தில் 1000 x 750 பகுதியை மட்டும் வெட்டினால் மிஞ்சுவது பதினாறில் ஒரு பங்கு. அங்குலத்திற்கு 300 பிக்ஸல் என அச்சிட்டால் மூன்றரை அங்குல அகலம்கூட வராது. எடுக்கும்போதே நெருங்கி எடுப்பதுதான் நல்லது.

பகிர்ந்து கொள்ள

வாட்ஸ்அப்பில் சாதாரணமாகப் படம் அனுப்பினால் அது சுருக்கப்படும். உள்ளே இருந்த தகவல்களும் நீங்கிவிடும். டாகுமெண்ட் ஆக அனுப்பினால் பைல் அப்படியே செல்லும். இனம் அறிய விரும்பினால், 2008ல் தொடங்கிய ஐநேச்சுரலிஸ்ட் இணைய தளத்தில் தேதி, இடத்துடன் இலவசமாக ஏற்றலாம். ஆர்வலர்கள் பார்த்துப் பெயர் சொல்வார்கள். வீட்டுத் தோட்டத்தில் எடுத்த படம் என்றால் சரியான இடத்தை மறைக்கும் வசதியும் அதில் உண்டு.

கடைசியாக, ஒரிஜினல் போல்டரை எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்கிலும் ஒரு காப்பி எடுத்து வையுங்கள். தட்டான் ஒரு முறைதான் அப்படி உட்காரும்.