ஒட்டிய பசையை உரிக்கப் போய், தோலை உரித்துக்கொள்ள வேண்டாம்!

கோத்தா திங்கி வட்டாரத்தில் சங்கக் கூட்டம் முடிந்து நாம் கிளம்பும் நேரத்தில் சிலர் தயங்கித் தயங்கிக் கையை நீட்டுவார்கள். கை குலுக்க அல்ல, காட்ட! விரல் இடுக்கில் தோல் வெடித்திருக்கும். புறங்கை சிவந்து, செதில் செதிலாக உரிந்திருக்கும். "என்ன ஆச்சு?" என்று கேட்டால், "ஒண்ணுமில்லீங்க. வீட்டு வேலை செஞ்சப்போ பசை ஒட்டிக்கிச்சு. பெட்ரோலைப் போட்டுத் தேச்சேன், அவ்வளவுதான்" என்று பதில் வரும்.

தோழர்களே, அந்த "அவ்வளவுதான்" பற்றித்தான் இன்று பேசப் போகிறோம். நாம் பார்த்த வரையில், பசை ஒட்டியதால் வந்த புண்ணைவிடப் பசையை எடுக்கப் போய் வந்த புண்களே அதிகம். பசை இன்றில்லாவிட்டால் நாளை போகும். தோல் போனால் நாளைக்கு வேலைக்குப் போவது யார்?

பால் மரம் சொன்ன பாடம்

பசையோடு வாழ்வது நமக்குப் புதிதல்ல. பால் மரத்தை நம்பிப் பிழைத்த மக்கள் நாம். மரத்திலிருந்து வடியும் பாலில் நூற்றுக்கு முப்பது, நாற்பது பங்குதான் ரப்பர். மீதியில் பெரும்பகுதி தண்ணீர். அதனால் ஈரமாக இருக்கும்போது தண்ணீர் விட்டுக் கழுவினால் போய்விடும். காய்ந்து விட்டாலோ கை ரோமத்தோடு பின்னிக்கொண்டு, இழுத்தால் உயிர் போகும்.

நம் தாய்மார்கள் என்ன செய்தார்கள்? தேங்காயெண்ணெயை எடுத்துத் தடவினார்கள். சற்று ஊறவிட்டுக் கட்டை விரலால் உருட்டினார்கள். காய்ந்த பால் நூல் நூலாகத் திரண்டு வந்தது. பிறகு சவுக்காரம் போட்டுக் கழுவினார்கள். இது வெறும் பாட்டி வைத்தியம் அல்ல. ரப்பர் எண்ணெயை உறிஞ்சி ஊதும்; ஊதினால் பிடி தளரும். படித்தவர்கள் சொல்லும் காரணமும் இதுதான்.

பெட்ரோல் ஏன் ஆகாது?

"பெட்ரோல் போட்டா உடனே போயிருதே!" என்பார்கள். உண்மைதான், மறுக்கவில்லை. 1823-ஆம் ஆண்டிலேயே ஸ்காட்லாந்து நாட்டு சார்லஸ் மெக்கின்டோஷ் என்பவர், நிலக்கரித் தாரிலிருந்து எடுத்த நாப்தா என்னும் எண்ணெயில் ரப்பரைக் கரைத்துத் துணிக்கு நடுவே பூசி மழைக்கோட்டு செய்தார். பெட்ரோலும் தின்னரும் அதே வேலையைச் செய்யக் கூடியவைதான்.

ஆனால் அவை ரப்பரோடு நிற்பதில்லை. நமது தோலுக்குக் காவலாக இருக்கிற எண்ணெய்ப் பசையையும் சேர்த்துக் கரைத்துக்கொண்டு போகின்றன. காவல் போன தோல் வறண்டு வெடிக்கிறது. வெடிப்பின் வழியே அழுக்கும் கிருமியும் மருந்தும் நுழைகின்றன. மறுநாள் அதே கையோடு செம்பனைக் காட்டில் பூச்சி மருந்தோ உரமோ தொட வேண்டியவரின் கதி என்ன? மண்ணெண்ணெய் நனைந்த துணியைக் கையில் சுற்றி வைத்தால் தோல் வெந்து கொப்புளமும் போடும். அடுப்படியிலும் சாமி விளக்குக்குப் பக்கத்திலும் பெட்ரோலைத் திறப்பதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். நெருப்பு நம்மைக் கேட்டுவிட்டு வருவதில்லை.

வெள்ளம் வடிந்தால் மஞ்சள் பசை

2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் அடுத்தடுத்து வந்த வெள்ளம் கோத்தா திங்கியை எப்படிப் புரட்டிப் போட்டது என்பதை இங்குள்ளவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஜொகூர் ஆறு பெருகினால் நம் மக்களின் வீடு முதலில் நனையும். தண்ணீர் வடிந்த பிறகு தரை விரிப்பு கிளம்பியிருக்கும். அலமாரியின் மேல்தகடு பிரிந்திருக்கும். ஆள் வைத்துச் செய்யக் காசு ஏது? ஒரு டின் மஞ்சள் பசையை வாங்கிக்கொண்டு நாமே உட்கார்ந்து விடுகிறோம்.

இந்த மஞ்சள் பசைகள் பெரும்பாலும் செயற்கை ரப்பரைத் தின்னர் போன்ற திரவத்தில் கரைத்துச் செய்தவை. ஆகவே பால் மரத்துப் பாடமே இதற்கும் பொருந்தும். கையில் பட்டால் பதற வேண்டாம். காய விட்டு உருட்டுங்கள். மிச்சத்துக்குச் சமையல் எண்ணெயைத் தடவிப் பத்து, பதினைந்து நிமிடம் பொறுத்து, சொரசொரப்பான துணியால் துடைத்து, வெதுவெதுப்பான சவுக்காரத் தண்ணீரில் கழுவுங்கள். இரண்டு மூன்று தடவை செய்ய வேண்டி வரலாம். அப்படியும் ஒட்டியிருப்பதை விட்டுவிடுங்கள். மேல்தோல் நாளுக்கு நாள் உதிர்ந்து புதிதாகிறது. பசையும் அதோடு போய்விடும். எலிக்கு வைக்கும் பசைக்கும் எண்ணெய்தான் மருந்து. கத்தியால் சுரண்டுவது மட்டும் கூடவே கூடாது.

இன்னொன்று: இந்தப் பசையைக் கதவு, சன்னலைத் திறந்து வைத்துப் பூசுங்கள். அதன் ஆவி தலையைச் சுற்ற வைக்கும். வேலை முடிந்ததும் டின்னை மூடிப் பிள்ளைகள் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். அந்த வாடைக்கு அடிமையாகிக் கெட்ட இளைஞர்களை நாம் பார்த்திருக்கிறோம்.

விரலை விரலோடு தைக்கும் பசை

சின்னக் குழாயில் வரும் உடனடிப் பசை வேறு சாதி. அமெரிக்காவில் 1942-இல் துப்பாக்கிக் குறிக்கண்ணாடிக்குப் பொருள் தேடியபோது ஹாரி கூவர் என்ற அறிஞர் கையில் அகப்பட்டது இது. 1958-இல் விற்பனைக்கு வந்தது. ஈரம் பட்டால் இறுகுவது இதன் குணம். நமது விரலில் எப்போதும் ஈரம் உண்டு. ஆகவே கண்ணிமைக்கும் நேரத்தில் பிடித்துக்கொள்ளும்.

விரலோடு விரல் ஒட்டினால் பிய்க்காதீர்கள். வெதுவெதுப்பான சவுக்காரத் தண்ணீரில் நன்றாக ஊறவிட்டு, பென்சிலை உருட்டுவதுபோல் மெல்ல உருட்டிப் பிரியுங்கள். பெண் பிள்ளைகள் நகச்சாயத்தை அழிக்க வைத்திருக்கும் அசிட்டோன் இதைக் கரைக்கும்தான். ஆனால் காயமில்லாத விரலில், ஒரு சொட்டு, நெருப்புக்குத் தூரத்தில், அவ்வளவே. முகத்திலும் குழந்தைகள் மேலும் வேண்டவே வேண்டாம். உதடு ஒட்டிக்கொண்டால் வெதுவெதுப்பான தண்ணீரால் நனைத்துக்கொண்டே இருங்கள்; எச்சிலும் உதவும்.

இந்தப் பசையைப் பஞ்சாலோ பருத்தித் துணியாலோ துடைக்காதீர்கள். பருத்தியோடு சேர்ந்தால் சூடு கிளம்பித் தோலைச் சுட்டுவிடும். பருத்திக் கையுறைக்கும் இது பொருந்தும். "சண்டையில இதப் போட்டுத்தான் காயத்த ஒட்டுனாங்களாமே" என்று சொல்வோரும் உண்டு. மருத்துவர்கள் பயன்படுத்துவது அதற்கென்றே செய்த வேறு வகை. கடையில் வாங்கியதை வெட்டுக்காயத்தில் விடாதீர்கள்.

கண்ணில் பட்டால் இமையைப் பிரிக்க முயல வேண்டாம். வெதுவெதுப்பான நல்ல தண்ணீர் விட்டுக் கழுவி, சுத்தமான ஈரத்துணியால் மூடி, உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். கண் மருந்துக் குப்பியும் இந்தப் பசைக் குழாயும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும். மாற்றி ஊற்றிக்கொண்டவர்கள் உலகம் முழுக்க உண்டு. இரண்டையும் ஒரே இழுப்பறையில் வைப்பது பாம்பைப் பாயில் விடுவது போல!

பொறுக்கக் கூடாத இரண்டு

பொறுங்கள், பொறுங்கள் என்றே சொல்லி வந்தோம். பொறுக்கவே கூடாதவையும் உண்டு. ஒன்று, தரை ஓடு பதிக்கும் சிமெண்டுக் கலவை. ஈரச் சிமெண்டில் காரம் அதிகம். முதலில் வலி தெரியாது; சில மணி நேரம் கழித்துப் பார்த்தால் முழங்கால் தோல் வெந்திருக்கும். மற்றொன்று, ஸ்டோரில் பாலை உறைய வைக்கும் பார்மிக் அமிலம். இவை தோலில் பட்டால் எண்ணெயைத் தேடி ஓடாதீர்கள். நனைந்த உடையைக் கழற்றிவிட்டு, ஓடுகிற தண்ணீரில் இருபது நிமிடமாவது கழுவுங்கள். பிறகு கிளினிக்.

சுருக்கமாகச் சொன்னால், ஒட்டுவதற்கு எண்ணெயும் பொறுமையும். எரிப்பதற்குத் தண்ணீரும் அவசரமும். இதை வீட்டுப் பெரியவர் முதல் பள்ளிப் பிள்ளை வரை மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும்.

வேலையில் பட்டால் உரிமை உண்டு

வீட்டு வேலை நம் பொறுப்பு. ஆனால் தோட்டத்திலோ தொழிற்சாலையிலோ முதலாளி கொடுத்த பசையும் அமிலமும் நம் கையைக் கெடுத்தால் அது நம் தலைவிதி அல்ல. 1994-ஆம் ஆண்டு தொழில் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின்படி, பாதுகாப்பான முறையைச் சொல்லித் தருவது முதலாளியின் கடமை. அதன் திருத்தம் 2024 ஜூன் 1 முதல் நடப்பில் இருக்கிறது. மிகச் சில விலக்குகள் போக எல்லா வேலையிடங்களுக்கும் பொருந்துகிறது. வேலையிடத்து இரசாயன டப்பாவில் மலாயிலும் ஆங்கிலத்திலும் எச்சரிக்கை இருக்க வேண்டும். தமிழில் இருக்காது. ஆகவே வாசிக்கத் தெரிந்த இளைஞர்கள், தெரியாத மூத்தவர்களுக்கு வாசித்துச் சொல்லுங்கள். இதுவும் சங்கப் பணிதான்.

வேலையில் காயம் பட்டால் அன்றே மேலாளரிடம் தெரிவித்து எழுத்தில் பதியச் சொல்லுங்கள். தகவல் கிடைத்த 48 மணி நேரத்துக்குள் முதலாளி சொக்சோவுக்கு அறிவிக்க வேண்டும். "சின்னக் காயந்தானே" என்று விட்டுவிட்டால் பின்னால் பெரிதாகும்போது கையில் சான்று இருக்காது.

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். பசையிடம் ஆத்திரப்பட்டு ஆவது ஒன்றுமில்லை. இந்தப் பக்கத்தைக் கத்தரித்து உங்கள் சாமான் பெட்டி மூடியின் உள்பக்கம் வைத்துக்கொள்ளுங்கள். பசை போட்டு ஒட்ட வேண்டாம்; இரண்டு குண்டூசி போதும்!