குடும்ப வேர்களைத் தேடி: ஆலயப் பதிவேடும் கல்லறையும்

குடும்ப மரம் வரையச் சொன்னால் மாணவர்கள் பெரும்பாலும் தாத்தா பாட்டியோடு நின்றுவிடுகிறார்கள். "அதுக்கு மேல யாருன்னு தெரியாது டீச்சர்" என்பதுதான் வழக்கமான பதில். கிறிஸ்தவக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு மட்டும் இங்கே இரண்டு கூடுதல் வாசல்கள் உண்டு. ஒன்று ஆலயப் பதிவேடு, இன்னொன்று கல்லறை. சிங்கப்பூரில் இரண்டாவது வாசல் வேகமாக மூடிக்கொண்டு வருகிறது.

பிடாடரி கல்லறைத் தோட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1972-இல் அங்கே அடக்கம் நின்றது. 2001 முதல் 2006 வரை சுமார் 58,000 கிறிஸ்தவக் கல்லறைகளும் 68,000 முஸ்லிம் கல்லறைகளும் தோண்டியெடுக்கப்பட்டன. இன்று அந்த வட்டாரத்தில் வீவக வீடுகள் நிற்கின்றன. நினைவுத் தோட்டத்தில் சில கற்கள் மட்டும் மிஞ்சியிருக்கின்றன. இப்போது அடக்கம் நடக்கும் சுவா சூ காங்கிலும் 1998 முதல் 15 ஆண்டு வரம்பு உண்டு. ஆக, கல்லறை இருக்கும்போதே போய்ப் படம் எடுத்து வைங்க. காலையிலோ மாலையிலோ வெயில் சாய்வாக விழும்போது எடுத்தால் தேய்ந்த எழுத்தும் தெரியும். எழுத்து தெளியட்டும் என்று கம்பித் தூரிகையால் தேய்க்க மட்டும் வேண்டாம், கல் உதிர்ந்துவிடும்.

கல்லைவிட அதிகம் சொல்வது பதிவேடு. ஓபிர் சாலையில் உள்ள லூர்து அன்னை ஆலயம் 1888-இல் தமிழ்க் கத்தோலிக்கர்களுக்காகக் கட்டி முடிக்கப்பட்டது. கத்தோலிக்க ஞானஸ்நானப் பதிவில் பிள்ளையின் பெயரோடு பெற்றோர் பெயர், ஞானப்பெற்றோர் பெயர், தேதி எல்லாம் இருக்கும். தமிழர்களுக்கு இது பெரிய உதவி. ஏனென்றால் நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. அப்பா பெயர்தான் முன்னால் நிற்கும். தலைமுறைக்குத் தலைமுறை அது மாறிவிடும். பிள்ளையின் பதிவில் அப்பா பெயரைப் பிடித்து, அப்பாவின் திருமணப் பதிவுக்குப் போய், அங்கிருந்து தாத்தாவைப் பிடிக்க வேண்டும். ஞானஸ்நானப் பதிவின் ஓரத்தில் திருமணக் குறிப்பும் இருக்கலாம். அதையும் பார்க்கத் தவறாதீங்க.

இங்கேதான் ஒரு சிக்கல். 1960-கள் வரை இந்தப் பதிவுகள் பொதுவாக லத்தீனில் எழுதப்பட்டன. வீட்டில் 'சின்னப்பன்' என்று கூப்பிட்டவர் பதிவேட்டில் 'பவுலுஸ்' ஆகியிருக்கலாம். லத்தீனில் 'பவுலுஸ்' என்றால் சிறியவர், அதனால்தான் பவுல் நமக்குச் சின்னப்பர் ஆனார். அருளப்பன் என்றால் யோவான், இராயப்பன் என்றால் பேதுரு, சூசை என்றால் யோசேப்பு, சவேரியின் பெயரில் வந்தவர் சவரிமுத்து. இந்தப் பெயர்ப் பட்டியல் கையில் இல்லாமல் தேடினால், தாத்தா கண்முன்னே இருந்தும் தாண்டிப் போய்விடுவீர்கள். பாதிரியார்கள் பலர் பிரெஞ்சுக்காரர்கள் என்பதால் ஒரே பெயருக்கு இரண்டு மூன்று எழுத்துக்கூட்டல்களும் வரலாம். வாய்விட்டு வாசித்துப் பாருங்க. கண்ணுக்குப் பிடிபடாதது காதுக்குப் பிடிபடும்.

பதிவேட்டைக் கேட்டவுடன் கையில் கொடுத்துவிட மாட்டார்கள், கொடுக்கவும் கூடாது. அதில் உயிரோடு இருப்பவர்களின் விவரமும் இருக்கிறது. பங்கு அலுவலகத்துக்கு எழுதுங்கள். யாருடைய பதிவு, உங்களுக்கு என்ன உறவு, ஏறத்தாழ எந்த ஆண்டு என்று மூன்றையும் சொல்லுங்கள். "எங்க குடும்பத்தப் பத்தி எல்லாம் வேணும்" என்று கேட்டால் யாராலும் தேடித் தர முடியாது.

ஆசிரியர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வகுப்பில் பாதிப் பேருக்கு மேல் இந்துப் பிள்ளைகளாக இருப்பார்கள். தகனம் செய்த குடும்பத்தில் கல்லறை இருக்காது. அவர்களுக்குப் பழைய பிறப்புச் சான்றிதழ், திருமண அழைப்பிதழ், 1935-இல் தொடங்கிய தமிழ் முரசின் மரண அறிவிப்புகள் இருக்கின்றன. ஒரே பணித்தாளை எல்லோருக்கும் கொடுப்பது சரிப்படாது.

தேர்வு எழுதும் மாணவர்களுக்குச் சில சொற்கள். இடுகாடு என்பது புதைக்கும் இடம், சுடுகாடு எரிக்கும் இடம். கட்டுரையில் இவற்றை மாற்றி எழுதினால் பொருளே மாறிவிடும். கல்லறை என்பது ஒருவருக்கு உரியது, கல்லறைத் தோட்டம் என்பது முழு இடம். 'மூதாதையர்' என்பதில் 'தை' வரும், 'த' அல்ல.

எங்கே தொடங்குவது என்று தெரியவில்லையா? நவம்பர் 2, கல்லறைத் திருநாள். குடும்பங்கள் மெழுகுவத்தியும் பூவுமாக வரும் நாள். உங்கள் வீட்டுப் பெரியவர்களோடு நீங்களும் போங்க. எந்தக் கல்லுக்கு முன்னால் நிற்கிறார்களோ, அங்கே அது யார், எந்த ஊரிலிருந்து வந்தவர் என்று கேட்டு, அன்றே எழுதி வைங்க.