பனைக்குக் குழாய் வைக்க முடியுமா?

கனடா நாட்டிலும் அமெரிக்க ஐக்கிய நாடுகளின் வடகிழக்குப் பகுதியிலும் மேப்பிள் என்றொரு மரம் வளர்கிறது. குளிர்காலம் முடியும் தறுவாயில் அங்குள்ள உழவர் அதன் அடிமரத்தில், நெஞ்சளவு உயரத்தில், ஒரு துளை இடுவார். துளையின் குறுக்களவு 8 மி.மீ.; ஆழம் சுமார் 4 செ.மீ. சாறு வெளியே வழிவதற்கு வசதியாக, அது உள்நோக்கிச் செல்லச் செல்லச் சற்றே மேலேறியிருக்கும். அதில் சிறு குழாய் ஒன்றைத் தட்டிப் பொருத்தி, வாளியை மாட்டிவிட்டால் வேலை முடிந்தது. அதே துளையிலிருந்து சில வாரங்கள் இனிப்பான சாறு சொட்டும். அதைக் காய்ச்சினால் மேப்பிள் பாகு.

இப்போது நம் ஊருக்கு வருவோம். திருத்தணி மலைப்படிகளில் நின்று சுற்றிலும் நோக்கினால் ஏரிக்கரைகளிலும் வயல் வரப்புகளிலும் பனைகள் நிற்பதைக் காணலாம். பனையும் இனிப்பான சாறு தரும் மரந்தான். மேப்பிள் சாற்றில் சர்க்கரை நூற்றுக்கு 2 பங்கு. பதநீரிலோ ஏறத்தாழ 12 பங்கு. ஆயினும் நம் பனையேறி நாள்தோறும் காலையும் மாலையும் மரத்தின் உச்சிவரை ஏற வேண்டியுள்ளது. அடிமரத்தில் துளையிட்டுக் குழாய் வைத்து, அவரைத் தரையிலேயே நிற்கச் செய்ய முடியாதா? நியாயமான கேள்வி. விடை காண மரத்தின் உள்ளே செல்ல வேண்டும்.

ஏற்றத்தின் கணக்கு

அதற்கு முன் ஒரு சிறு கணக்கு. ஒருவர் 30 மரங்களில் ஏறுகிறார், ஒவ்வொன்றும் 15 மீட்டர் உயரம், நாளைக்கு இருமுறை ஏற்றம் என்று கொள்வோம். ஒரு நாளில் அவர் ஏறும் மொத்த உயரம் 900 மீட்டர். திருத்தணி மலைக்கு 365 படிகள் என்பர். படி ஒன்று 15 செ.மீ. எனக் கொண்டால் மொத்தம் சுமார் 55 மீட்டர். ஆகவே பனையேறி நாள்தோறும் பதினாறு முறை மலையேறியவர் ஆகிறார். அதுவும் படிகளில் அன்று. காலில் தளைநார் மாட்டி, மரத்தை மார்போடு அணைத்து! அவருடைய எடை 60 கிலோ எனில், ஈர்ப்பு விசைக்கு எதிராக அவர் செய்யும் வேலை 5 லட்சம் ஜூலுக்கு மேல். கால் வழுவினால் உயிருக்கே ஆபத்து. எனவே நம் கேள்வி வெறும் வேடிக்கைக் கேள்வி அன்று.

இரண்டு பாதைகள்

எந்த மரத்திலும் நீர்மம் செல்ல இருவகைக் குழாய்கள் உண்டு. வேர் உறிஞ்சும் நீரை மேலே கொண்டு செல்வது சைலம். இக்குழாய்கள் உயிரற்ற செல்களால் ஆனவை. வெறும் நீர்க்குழாய் போன்றவை. இலை தயாரிக்கும் சர்க்கரையைப் பிற உறுப்புகளுக்குக் கொண்டு செல்வது புளோயம். இதன் சல்லடைக் குழாய்கள் உயிருள்ளவை. மேப்பிள் உழவர் துளையிடுவது சைலத்தில். நம் பனையேறி சீவுவது புளோயத்தை. வேறுபாடு அனைத்திற்கும் மூலம் இதுவே.

மேப்பிள் மரத்தில் சாற்றை வெளியே தள்ளுவது உறைபனி. இரவில் வெப்பநிலை 0 டிகிரிக்குக் கீழே இறங்கும்போது, கட்டையிலுள்ள காற்று நிறைந்த நார்ச்செல்களுக்குள் நீர் ஈர்க்கப்பட்டு உறைகிறது. உள்ளிருக்கும் காற்று நெருக்கப்படுகிறது. அதே வேளையில் வேரிலிருந்து மேலும் நீர் ஏறுகிறது. பகலில் பனி உருகியதும், நெருக்கப்பட்ட காற்று விரிந்து சாற்றைத் தள்ளுகிறது. துளை கிடைத்தால் சாறு அவ்வழியே வெளியேறும்.

நம் ஊரில் உறைபனி ஏது? இங்கு பகல் வெயிலில் இலைகள் நீராவியை வெளியிட்டுக்கொண்டே இருப்பதால், பனையின் சைலத்தில் உள்ள நீர் மேல்நோக்கி இழுக்கப்பட்ட நிலையில் உள்ளது. அதில் துளையிட்டால் நீர் வெளியே வராது. காற்றுதான் உள்ளே போகும்!

பாளையின் அழுத்தம்

அப்படியானால் பதநீரை வெளியே தள்ளுவது யாது? சவ்வூடு பரவல். உலர்ந்த திராட்சையை நீரில் போட்டால் உப்புவதைப் பார்த்திருப்பீர்கள். சர்க்கரை மிகுந்த செல் தன் சவ்வின் வழியே நீரை உள்ளே இழுக்கிறது. இலையருகே சர்க்கரை ஏற்றப்பட்ட சல்லடைக் குழாயும் இவ்வாறே நீரை இழுத்து விம்முகிறது. சர்க்கரை செலவாகும் முனையில் அழுத்தம் குறைவு. அழுத்தம் மிகுந்த இடத்திலிருந்து குறைந்த இடத்திற்குச் சாறு ஓடுகிறது. 1930இல் ஜெர்மானிய அறிஞர் எர்ன்ஸ்ட் மூன்ச் கூறிய விளக்கம் இது.

இந்த அழுத்தம் எவ்வளவு இருக்கலாம்? ஒரு லிட்டரில் 120 கிராம் சுக்ரோஸ் உள்ள கரைசல், 30 டிகிரி செல்சியஸில் உண்டாக்கக்கூடிய உச்ச அழுத்தம் சுமார் 8.7 வளிமண்டலம். கார் டயரில் நாம் அடைக்கும் காற்றழுத்தத்தைப் போல் ஏறத்தாழ நான்கு மடங்கு! பனையின் பூங்கொத்தான பாளை, காயையும் பூவையும் வளர்க்கச் சர்க்கரை வந்து சேரும் முனை. அதன் நுனியைச் சீவினால் அழுத்தத்திற்கு ஒரு வாயில் திறந்ததுபோல் ஆகிறது. ஆண்பனை, பெண்பனை இரண்டின் பாளைகளும் பதநீர் தரும். மர இடுக்கியால் சில நாட்கள் நசுக்கிப் பதப்படுத்திய பிறகே சாறு ஒழுங்காக ஊறத் தொடங்கும்.

ஏன் நாள்தோறும் சீவ வேண்டும்?

இங்குதான் உயிருள்ள குழாயின் குணம் வெளிப்படுகிறது. நம் விரலில் வெட்டுப்பட்டால் இரத்தம் உறைந்து காயம் அடைபடுகிறதல்லவா? அதுபோலச் சல்லடைக் குழாய் வெட்டுப்பட்டதும் அதன் நுண்துளைகளில் காலோஸ் என்னும் பொருள் படிந்து வழியை அடைத்துவிடுகிறது. மரத்துக்கு அது தற்காப்பு, நமக்கோ இடையூறு. ஆகவே அடைபட்ட நுனியை மீண்டும் மெல்லிய ஏடாகச் சீவி, புதிய வாயில் திறக்க வேண்டும். ஒவ்வொரு சீவலும் 2 மி.மீ. எனக் கொண்டால், நாளைக்கு இருமுறையாக 60 நாட்களில் 24 செ.மீ. பாளை தீரும். அதையே 4 மி.மீ. கனத்தில் சீவினால் 30 நாளில் தீர்ந்துவிடும். பாளை அரிவாளின் கூர்மையும் கையின் நிதானமும் வருமானத்தையே தீர்மானிக்கின்றன என்பது விளங்கும்.

மேப்பிளின் சைலம் உயிரற்றது; இவ்வாறு உடனே அடைத்துக்கொள்ளாது. குளிரில் நுண்ணுயிர்களும் மெல்லவே பெருகும். அதனால்தான் அங்கே ஒரே துளை வாரக்கணக்கில் பயன்படுகிறது.

ஈச்சமரம் சொல்வது

பனை வகை மரத்தின் தண்டிலிருந்தே சாறு எடுக்கும் வழக்கமும் நம் நாட்டில் உண்டு. வங்காளத்தில் குளிர்காலத்தில் ஈச்சமரத்தின் கொண்டைக்குச் சற்றுக் கீழே, இளந்தண்டின் ஒரு பக்கத்தைச் சீவி, மூங்கில் குழாய் செருகிப் பானை கட்டுவர். மேப்பிளுக்கு மிக நெருங்கிய முறை இதுதான். ஆனால் அங்கும் சீவிய இடத்தை அடிக்கடி புதுப்பிக்க வேண்டும்; இடையிடையே மரத்திற்கு ஓய்வும் தர வேண்டும். மேலும், பனை வகை மரங்களில் காம்பியம் என்னும் வளர்படலம் இல்லை. ஆகையால் வெட்டிய பள்ளம் மரத்தின் ஆயுள் உள்ளவரை மூடுவதில்லை. பனையின் உயிர் உச்சியிலுள்ள ஒரே குருத்தில் இருக்கிறது. அதன் அருகே வெட்டுவதைவிட, மீண்டும் மீண்டும் தோன்றும் பாளையைச் சீவுவதே மரத்திற்குப் பாதுகாப்பு.

சாற்றை மட்டும் குழாயில் இறக்கினால்?

பாளையில் குழாய் பொருத்திச் சாற்றைத் தரைக்கு இறக்கலாமே என நீங்கள் கேட்கலாம். ஈர்ப்பு விசை அந்த வேலையை இலவசமாகவே செய்யும். ஆனால் வெயிலில் சூடேறும் குழாயில் மெல்ல வழியும் சர்க்கரை நீர் ஈஸ்டுக்குப் பெருவிருந்து. சுக்ரோஸ் உடைந்து, சாராயப் பொருளும் கரியமில வாயுவுமாக மாறும், பதநீர் கள்ளாகிவிடும். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவுவது இதைத் தடுக்கவே. சுண்ணாம்பின் காரத்தன்மையில் ஈஸ்ட் எளிதில் பெருகாது. தமிழ்நாட்டில் கள் இறக்கத் தடை உள்ளது, பதநீர் அப்படியன்று. திருத்தணியைத் தாண்டினால் ஆந்திரத்தில் கள்ளும் இறக்குகிறார்கள். சட்டம் பிரித்துக் காட்டும் இரண்டு பானங்களுக்கும் நடுவே நிற்பது ஒரு சிட்டிகைச் சுண்ணாம்புதான்! வீட்டிலேயே சோதிக்கலாம்: போதிய சுண்ணாம்புள்ள பதநீரில் மஞ்சள் தூளைக் கலந்தால் நிறம் சிவக்கும், கள்ளில் மஞ்சளாகவே இருக்கும்.

குழாயை அவ்வப்போது கழுவிச் சுண்ணாம்பிட்டு இந்த இடரை வென்றாலும், சீவும் வேலை மிஞ்சுகிறது. அரிவாள் உச்சிக்குப் போயே தீர வேண்டும். எனவே தலைப்பில் கேட்ட கேள்விக்கு விடை: அடிமரத்தில் முடியாது, பாளையில் முடியும், ஆனால் அது ஏற்றத்தைக் குறைக்காது.

ஆகவே அறிவியலும் பொறியியலும் கருத்துச் செலுத்த வேண்டிய இடம் குழாய் அன்று. ஏறும் முறையும் சீவும் முறையும் ஆகும். மிதித்து ஏறும் கருவி, இடுப்பில் காப்புக் கயிறு, தரையிலிருந்து இயக்கும் சீவுகருவி, காலோஸ் படிவதைத் தாமதப்படுத்தும் வழி: இவை ஒவ்வொன்றும் நம் பொறியியல், தாவரவியல் மாணவர்களுக்குத் தக்க ஆய்வுப் பொருள். சீவும் முறை ஒன்றைக் குறைத்தால் போதும். மேலே போட்ட கணக்கின்படி ஒரு மனிதர் ஏறும் உயரத்தில் நாளொன்றுக்கு 450 மீட்டர் மிச்சமாகும்.