விசுவாசம் யார் கையில்? கபடி ஏலமும் சம்பள உச்சவரம்பும்

செஞ்சிக்காரர்களுக்கு விசுவாசம் என்றாலே தேசிங்குராஜன் கதைதான். நண்பன் போருக்குக் கிளம்பியது தெரிந்து கல்யாணப் பந்தலிலிருந்து எழுந்து வந்த மகபத் கானை இன்னும் பேசுகிற ஊர் இது. அதனாலோ என்னவோ, புரோ கபடி ஏலம் முடிந்தாலே "காசுக்காக ஓடிட்டான்யா" என்று யாராவது சொல்லிவிடுகிறார்கள். உண்மையில் ஓடுவது யார், ஓட வைப்பது எது? கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

முதலில் விதி. ஒவ்வொரு அணியும் வீரர்களுக்குச் செலவு செய்ய ஓர் உச்சவரம்பு உண்டு. 2022 ஏலத்தில் அது 4.4 கோடி ரூபாய், 2023-ல் 5 கோடி. தக்கவைத்துக்கொள்ளும் வீரரின் சம்பளமும் இதற்குள்ளேதான் கழியும். அதானி, ஜேஎஸ்டபிள்யூ மாதிரிப் பெரிய நிறுவனங்கள் அணி நடத்துகிற லீக் இது. வரம்பு இல்லையென்றால் பணம் இருக்கிறவர் எல்லா நட்சத்திரங்களையும் அள்ளிக்கொண்டு போயிருப்பார். முதல் 11 சீசன்களில் 8 வெவ்வேறு அணிகள் கோப்பை வென்றிருக்கின்றன. ஆக, சமநிலை என்ற நோக்கம் ஓரளவு நிறைவேறியிருக்கிறது.

ஆனால் அதற்கு ஒரு விலை இருக்கிறது. பவன் செராவத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பெங்களூரு புல்ஸ் அணிக்குக் கோப்பை வாங்கித் தந்தவர். தொடர்ந்து மூன்று சீசன்கள் அதிக ரெய்டு புள்ளி அவருடையதுதான். 2022 ஏலத்தில் தமிழ் தலைவாஸ் அவரை 2.26 கோடிக்கு எடுத்தது. 4.4 கோடியில் 2.26 என்றால் பாதிக்கும் மேல்! மிச்சக் காசில்தான் மற்ற அத்தனை பேரும்.

முதல் ஆட்டத்திலேயே பவனுக்கு முழங்காலில் அடி. சீசனே போயிற்று. எங்கள் சாஃப்ட்வேர் பாஷையில், ஒரே சர்வரில் எல்லாவற்றையும் ஏற்றி வைத்தால் இப்படித்தான். ஆனால் அந்த வருஷம் அணியைத் தூக்கி நிறுத்தியவர் அப்போதுதான் அறிமுகமான நரேந்தர். 243 ரெய்டு புள்ளிகள் எடுத்தார், தலைவாஸ் முதன்முறையாக அரையிறுதிக்குப் போனது.

பவனின் விலை அதற்குப் பிறகு என்ன ஆனது? 2023-ல் தெலுங்கு டைட்டன்ஸ் 2.605 கோடி கொடுத்தது. அந்த சீசனில் டைட்டன்ஸுக்குக் கடைசி இடம். 2024-ல் அதே அணி அவரை விடுவித்து, ஏலத்தில் 1.725 கோடிக்குத் திரும்ப எடுத்தது. 2025-ல் தலைவாஸ் 59.5 லட்சத்துக்கு வாங்கியது. அந்த உறவும் சீசன் நடுவிலேயே முடிந்துபோனது.

2024-ல் டைட்டன்ஸ் பயன்படுத்தியது 'ஃபைனல் பிட் மேட்ச்' என்ற விதி. ஏலத்தில் ஒரு வீரரின் கடைசி விலை என்னவோ, அதைக் கொடுத்துப் பழைய அணி அவரைத் திரும்பப் பெறலாம். கவனியுங்கள், இந்த உரிமை அணிக்குத்தான். ஏலத்துக்குள் வந்துவிட்ட வீரர், "குறைந்த சம்பளம் போதும், எனக்கு இந்த ஊர்தான் வேண்டும்" என்று சொல்ல வழியில்லை.

ஆஸ்திரேலிய ரக்பி லீக்கான என்ஆர்எல்-லிலும் சம்பள உச்சவரம்பு உண்டு. ஆனால் அங்கே ஏலம் கிடையாது. வீரரே கிளப்புடன் பேசி ஒப்பந்தம் போடுகிறார், சம்பளத்தைக் குறைத்துக்கொண்டு தங்கவும் முடியும். அதிலும் சிக்கல் இருக்கிறது. சேர்ந்து வளர்ந்த நட்சத்திரங்களை வரம்புக்குள் வைத்திருக்க முடியாத மெல்போர்ன் ஸ்டார்ம், ரகசியமாகக் கூடுதல் பணம் கொடுத்து 2010-ல் மாட்டிக்கொண்டது. 2007, 2009 பட்டங்கள் பறிபோயின. அந்த சீசனில் எத்தனை ஆட்டம் ஜெயித்தாலும் புள்ளி கிடையாது என்றார்கள். அடுத்த வருஷமே கிரெக் இங்லிஸ் சவுத் சிட்னிக்குப் போய்விட்டார்.

ஆக, உச்சவரம்பு இருக்கிற விளையாட்டில், நல்ல வீரரை வளர்க்கிற அணிக்கே அவர் கட்டுப்படியாகாமல் போகலாம். இதற்கு ஒரு மருந்தும் அங்கேயே இருக்கிறது. ஒரே கிளப்பில் நீண்ட காலம் ஆடியவரின் சம்பளத்தில் ஒரு பகுதியை வரம்புக் கணக்கில் சேர்க்காத சலுகை அது.

புரோ கபடியிலும் அப்படி ஒன்று வரலாம். நான்கு சீசன் ஒரே அணியில் ஆடியவரின் சம்பளத்தில் கால் பங்கு கணக்கில் வராது என்று வைத்துப் பாருங்கள். நரேந்தர் மாதிரி வீரர்களைத் தக்கவைக்க அணிக்கும் ஒரு காரணம் கிடைக்கும். தங்கலாமா போகலாமா என்று முடிவெடுக்கிற இடம் வீரருக்கு வந்த பிறகு, விசுவாசத்தைப் பற்றி அவரிடம் தாராளமாகக் கேட்கலாம்.