எந்தச் சான்றிதழ் எங்கே செல்லும்?

இணையத்தில் ஒரு தொழில் – 9

மருத்துவம் பார்க்க மருத்துவக் கவுன்சிலில் பதிவும், நீதிமன்றத்தில் வாதாட பார் கவுன்சிலில் பதிவும், கணக்குத் தணிக்கை செய்து கையொப்பமிடப் பட்டயக் கணக்காளர் கழகத்தின் உறுப்பினர் தகுதியும் சட்டப்படி வேண்டும். டிஜிட்டல் மார்க்கெட்டிங் என்று பரவலாக வழங்கும் இணையவழிச் சந்தைப்படுத்தலுக்கு அத்தகைய உரிமம் தரும் அமைப்பு எதுவும் இல்லை. யார் வேண்டுமானாலும் இத்தொழிலில் இறங்கலாம் என்பதால், இறங்கியவருக்குத் தொழில் தெரியுமா என்ற கேள்விக்குப் பதில் சொல்லும் பொறுப்பு இணையவழிச் சான்றிதழ்களின் தலையில் விழுந்திருக்கிறது. விளம்பரத் தளங்களை நடத்தும் நிறுவனங்கள், சந்தைப்படுத்தும் பணிக்கான மென்பொருளை விற்கும் நிறுவனங்கள், கல்வி நிலையங்களும் கல்வித் தளங்களும் என்று இவற்றை வழங்குவோர் மூவகைப்படுவர். ஒவ்வொருவரும் எதன்பொருட்டு வழங்குகின்றனர் என்பதை அறிந்தால் அவர்களுடைய சான்றிதழ் எங்கே செல்லும், எங்கே செல்லாது என்பது விளங்கும்.

கூகுளின் கணக்கு

தேடல் முடிவுகளோடு விளம்பரங்களையும் காட்டும் ஆட்வேர்ட்ஸ் சேவையை கூகுள் 2000ஆம் ஆண்டு தொடங்கியது. 2018 முதல் அதன் பெயர் கூகுள் ஆட்ஸ். பிறருடைய விளம்பரக் கணக்குகளை நிர்வகிப்போருக்கான தகுதித் தேர்வை 2004இல் அறிமுகப்படுத்திய அந்நிறுவனம், நெடுங்காலம் 50 டாலர் கட்டணம் வாங்கி நடத்திவந்த தேர்வை 2013இல் இலவசமாக்கியது. இன்று ஸ்கில்ஷாப் என்னும் அதன் பயிற்சித் தளத்தில் தேடல் விளம்பரம், காணொளி விளம்பரம், அளவீடு எனத் துறைவாரியாகத் தேர்வுகள் உள்ளன. எழுபத்தைந்து நிமிடத் தேர்வில் 80 விழுக்காடு பெற்றவர் தேர்ச்சியடைவார்; தவறியவர் ஒருநாள் கழித்து மீண்டும் எழுதலாம்; சான்றிதழ் ஓராண்டுக்கே செல்லும். இந்தக் குறுகிய ஆயுளுக்குக் காரணம் உண்டு. ஓர் இணையதளத்துக்கு வருவோர் எங்கிருந்து வந்து என்ன செய்கின்றனர் என்பதைக் கணக்கிடும் கூகுள் அனலிட்டிக்ஸ் கருவியின் பழைய வடிவம் 2023 ஜூலையில் தரவு சேகரிப்பதை நிறுத்தி, ஜிஏ4 எனப்படும் புதிய வடிவத்துக்கு இடம்விட்டபோது, பழைய வடிவத்தைப் படித்துத் தேறியவர்கள் பலவற்றைப் புதிதாகக் கற்க வேண்டியதாயிற்று.

கட்டணமின்றித் தேர்வு நடத்துவதில் கூகுளுக்கு என்ன ஆதாயம் என்பதற்கு அதன் பார்ட்னர் திட்டம் விடை தருகிறது. விளம்பரதாரர்களின் கணக்குகளைக் கூலிக்கு நடத்தும் நிறுவனங்கள் ஏஜென்சிகள் எனப்படுகின்றன. ஓர் ஏஜென்சி கூகுள் பார்ட்னர் என்ற முத்திரையைப் பெற, அது நிர்வகிக்கும் கணக்குகளில் 90 நாள்களில் 10,000 டாலருக்கு விளம்பரம் ஓடியிருக்க வேண்டும். கணக்குகளைக் கையாள்வோரில் குறைந்தது பாதிப்பேர் சான்றிதழ் பெற்றிருக்க வேண்டும். ஆப்டிமைசேஷன் ஸ்கோர், அதாவது கணக்கின் அமைப்பை எடைபோட்டு கூகுள் இடும் மதிப்பெண், 70 விழுக்காட்டுக்குக் குறையக் கூடாது. ஆகவே முத்திரையைத் தக்கவைக்க விரும்பும் ஏஜென்சிக்குச் சான்றிதழ் பெற்ற ஊழியர் தேவைப்படுகிறார். புதியவரின் விண்ணப்பத்தில் சான்றிதழைக் குறிப்பிடும் ஒற்றை வரிக்குக் கிடைக்கும் மதிப்பில் பெரும்பகுதி அந்தத் தேவையிலிருந்தே பிறக்கிறது. பார்ட்னர் முத்திரையைப் பொருட்படுத்தாத சிறு நிறுவனத்தில் அதே வரிக்கு அவ்வளவு எடை இராது.

தேர்வின் பார்வையும் நடத்துபவரின் பார்வையே. விளம்பர இடத்துக்கான ஏலத்தொகையைக் கணினியே முடிவுசெய்யும் முறையும், தேர்ந்தெடுத்த சொல்லுக்குத் தொடர்புடைய தேடல்களுக்கெல்லாம் விளம்பரம் காட்டும் பிராட் மேட்ச் முறையும் பாடங்களில் சிறப்பிடம் பெறுகின்றன. எந்தக் கணக்கில் அவை விளம்பரதாரரின் பணத்தை வீணாக்கும் என்பதை அனுபவத்தில்தான் கற்க வேண்டும்.

பிறர் தரும் சான்றிதழ்கள்

2006இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் தோன்றிய ஹப்ஸ்பாட் நிறுவனம், வாடிக்கையாளரைத் துரத்தாமல் பயனுள்ள கட்டுரைகளாலும் காணொளிகளாலும் அவரைத் தேடிவரச் செய்யும் இன்பவுண்ட் மார்க்கெட்டிங் முறையைப் பரப்பியது. அதற்கான மென்பொருளையும் அதுவே விற்கிறது. அதன் இலவசப் பாடங்கள் அடிப்படைக் கருத்துகளைத் தெளிவாகச் சொல்பவை; சான்றிதழோ அந்த மென்பொருளைப் பயன்படுத்தும் நிறுவனங்களில்தான் கூடுதலாகச் செல்லும். ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் விளம்பரங்களுக்காக மெட்டா நடத்தும் புளூபிரின்ட் தேர்வு கட்டணத்துடன் கண்காணிப்பின்கீழ் நடப்பது. கேள்விகளும் விடைகளும் இணையத்தில் தாராளமாகக் கிடைக்கும் இலவசத் தேர்வுகளோடு ஒப்பிட, கண்காணிக்கப்படும் தேர்வின் நம்பகம் இயல்பாகவே மிகுதி.

நீண்ட படிப்பை விரும்புவோருக்கு, 2022இல் கோர்செரா தளத்தில் கூகுள் தொடங்கிய டிஜிட்டல் மார்க்கெட்டிங், மின்வணிகச் சான்றிதழ் உள்ளது. அதற்குக் கட்டணம் மாதந்தோறும் கணக்கிடப்படுவதால் விரைந்து முடிப்பவருக்குச் செலவு குறையும். கல்லூரியில் படிப்பவருக்கோ இந்திய அரசின் ஸ்வயம் தளம் வேறொரு வழியைத் திறக்கிறது. பாடங்களை இலவசமாகப் படித்து, கட்டணம் செலுத்தி, தேர்வு மையத்துக்கு நேரில் சென்று எழுத வேண்டிய முறை அது. ஒரு பருவத்தில் படிக்க வேண்டிய பாடங்களில் 40 விழுக்காடு வரை ஸ்வயம் வழியாகப் பெறப் பல்கலைக்கழக மானியக் குழுவின் 2021ஆம் ஆண்டு விதிமுறைகள் இடமளிக்கின்றன. கல்லூரி அதை ஏற்றுக்கொண்டால், சான்றிதழ் பட்டத்துக்குரிய கிரெடிட்டாகவே மாறிவிடும்.

தேர்வு கேட்பதும் வேலை கேட்பதும்

நெகட்டிவ் கீவேர்டு என்றால் என்ன என்று தேர்வு கேட்கும்; எந்தச் சொல்லைத் தேடுவோருக்கு விளம்பரம் காட்டக் கூடாது என்று முன்கூட்டியே விலக்கிவைப்பது என்பது விடை. வேலையில் கேள்வி வேறு உருவத்தில் வருகிறது. காஞ்சிபுரம் பட்டு விற்கும் கடையொன்றின் கணக்கில் ‘பட்டுச் சேலை’ என்ற சொல் பிராட் மேட்ச்சில் இடப்பட்டிருப்பதாகக் கொண்டால், பார்வையாளர் உண்மையில் தட்டச்சு செய்த சொற்களைக் காட்டும் அறிக்கையில் ‘பட்டுச் சேலை துவைப்பது எப்படி’, ‘பழைய பட்டுச் சேலை வாங்குபவர்’, ‘பட்டுச் சேலை வாடகைக்கு’ போன்றவை வரிசையாகத் தென்படலாம். இவர்களில் ஒருவரும் புதுச்சேலை வாங்க வந்தவரல்லர். ஆனால் ஒவ்வொரு சொடுக்குக்கும் கடைக்காரரின் பணம் கழிந்திருக்கும். ‘துவைப்பது’, ‘பழைய’, ‘வாடகைக்கு’ ஆகியவற்றை விலக்கி, அந்தப் பணம் எங்கே திருப்பப்பட்டது, விற்பனையில் என்ன மாறியது என்று ஒரு பக்கத்தில் எழுதிக் காட்டக்கூடியவரையே நேர்காணல் நடத்துபவர் தேடுகிறார்.

இத்தகைய பயிற்சிக்குச் சொந்தக் கடை வேண்டியதில்லை. கூகுள் தன் பெயர் பொறித்த பொருள்களை விற்கும் இணையக் கடையின் அனலிட்டிக்ஸ் தரவை டெமோ கணக்காக எவருக்கும் திறந்து வைத்திருக்கிறது. எந்த வழியாக வந்தோர் வாங்குகின்றனர், எந்தப் பக்கத்தில் திரும்பிவிடுகின்றனர் என்பதை அதில் ஆராய்ந்து அறிக்கை எழுதலாம். தெரிந்தவரின் கடைக்குச் சில நூறு ரூபாயில் விளம்பரம் நடத்திப் பார்ப்பது அடுத்த படி.

தனியார் பயிற்சி மையங்கள் அச்சடித்துத் தரும் தாள்களைப் பற்றியும் ஒரு சொல் வேண்டும். அவற்றுக்கு மாறாக, மொஸில்லா அறக்கட்டளை 2011இல் தொடங்கிய ஓப்பன் பேட்ஜ் முறையைப் பின்பற்றும் மின்முத்திரைகளில் வழங்கியவர், பெற்றவர், தேதி, அதற்குரிய தகுதி ஆகியவை உள்ளே பதிந்திருப்பதால், இணைப்பைத் திறக்கும் எவரும் சரிபார்க்க முடியும். ‘நூறு விழுக்காடு வேலை உறுதி’ என்ற வாசகத்தோடு பெருந்தொகை கேட்கும் மையத்தில் சேர்வதற்கு முன், அதன் சான்றிதழை வெளியார் சரிபார்க்க வழியுண்டா, கூகுளும் ஹப்ஸ்பாட்டும் இலவசமாகத் தருபவற்றைத்தான் அது விலைக்கு விற்கிறதா என்ற இரண்டையும் கேட்டறிவது நன்று.

புதிதாக வருபவர் பத்துச் சான்றிதழ்களைச் சேர்ப்பதைவிட, சேர விரும்பும் நிறுவனம் எந்தத் தளத்தில் பணம் செலவிடுகிறது என்று அறிந்து, அதற்குரிய ஒன்றைப் பெற்று, அதனோடு தாமே செய்த வேலையின் அறிக்கையை இணைப்பதே தக்க முறை. நேர்காணலுக்கான கதவைச் சான்றிதழ் திறக்கும். உள்ளே சென்றபின் பேச வேண்டியது அந்த அறிக்கை. அதை எவ்வாறு எழுதுவது என்பது அடுத்த இதழில் விளக்கப்படும்.

(தொடரும்)